காமிகோச்சி: அக்டோபர் கடைசி வாரம், ஒரு சனி ஞாயிறு

ஜப்பானின் நாகானோ மலைகளில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பள்ளத்தாக்கு இது. இலையுதிர் காலப் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. சொந்தக் கார் உள்ளே போகாது. சாவாண்டோவிலோ ஹிராயுவிலோ நிறுத்திவிட்டு பஸ் ஏற வேண்டும். நவம்பர் 15-க்குப் பிறகு அந்த சீசனுக்கு மூடிவிடுவார்கள்.

தைஷோ குளத்தில் இறங்கி ஆற்றோரமாகக் கப்பா பாலம் வரை நடந்தால் ஒரு மணி நேரம்தான், பெரும்பாலும் சமதளம். 1915-இல் யாகேதாகே எரிமலை வெடித்து ஆற்றை மறித்ததில் உண்டான குளம் அது. முந்தைய இரவு வானம் தெளிவாக இருந்து நன்றாகக் குளிர்ந்திருந்தால், விடியலில் தண்ணீரிலிருந்து ஆவி எழும். அதற்காகவே சனி இரவு உள்ளேயே தங்குங்கள்.

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்: சிகரத்தில் வெயில், குளம் இன்னும் நிழலில். ஒரே எக்ஸ்போஷரில் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) இரண்டும் அடங்காது. டிரைபாடில் வைத்து, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) மூன்று படம் எடுத்து ஒன்றாக இணைத்துவிடுங்கள். போலரைசரை (பளபளப்பைக் குறைக்கும் லென்ஸ் ஃபில்டர்) முழுக்கத் திருப்பினால் தண்ணீரில் தெரியும் மலையே காணாமல் போய்விடும். குளத்தில் கழற்றிவிட்டு, ஈர இலைகளுக்கு மட்டும் போடுங்கள். லார்ச் (இலையுதிர்க்கும் ஊசியிலை மரம்) மரங்களின் பொன்னிறம் எதிர்வெயிலில்தான் எரியும்.

உபரி பேட்டரியைச் சட்டை உள்பையில் வையுங்கள், குளிரில் சீக்கிரம் தீரும். கேமராவை வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடிவிட்டு அறைக்குள் நுழையுங்கள். இல்லையென்றால் அறையின் வெப்பத்தில் லென்ஸில் ஈரம் படிந்து அரை மணி நேரம் வீண்.