மத்தியானத்தைச் சுற்றி ஒரு பயணம்

டிசம்பர் 8, ஞாயிறு

சென்னையிலிருந்து ஆச்சி பேசினார். எங்கள் பக்கத்தில் அக்காளை அப்படித்தான் கூப்பிடுவோம். பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் எல்லோரும் காரைக்குடிக்கு வருகிறார்களாம். இந்தத் தடவை வீட்டு வளவுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல், வேன் எடுத்து மூன்று நாள் சுற்ற வேண்டுமாம். "ரோடெல்லாம் தெரிஞ்சவன் நீதான், நீயே திட்டம் போட்டு அனுப்பு" என்று சொல்லிவிட்டார். எனக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை கிடையாது.

விருந்தாளி வந்தால் எங்கள் ஊரில் காட்டுவதற்கு ஒரு வாடிக்கை இருக்கிறது. பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான் அரண்மனை, ஆயிரம் ஜன்னல் வீடு, இலை போட்டு ஒரு விருந்து, அப்புறம் பஸ் ஏற்றிவிடுவது. ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தெருவில் நின்றுதான் பார்க்க முடியும். அரண்மனைக்குள்ளும் எல்லா நேரமும் விடமாட்டார்கள். பத்து வயதுப் பையனுக்குப் பூட்டின கதவைக் காட்டவா சென்னையிலிருந்து வரச் சொல்வது? வண்டியை ஓரங்கட்டி இறங்கி, பக்கத்தில் போய்ப் பார்க்கிற இடங்கள் இந்தச் சீமையில் எவ்வளவோ இருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் போடப்போகிறேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

முதலில் மத்தியானத்துக்கு ஒரு வழி பண்ண வேண்டும். செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் சங்கடப்படுவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான். கோவில்களில் பன்னிரண்டரை, ஒரு மணிக்கு நடை சாத்தினால் திரும்பத் திறக்க நாலு மணி ஆகும். ஒரு நாளைக்கு ஆறு கோவில் என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் மூன்றாவது கோவில் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

அதனால் ஒவ்வொரு நாளும் நடுவில் மூன்று மணி நேரத்தை முதலில் கட்டம் கட்டிவிட்டேன். அது சாப்பாட்டுக்கும் நிழலுக்கும். காலையில் கோவில் அல்லது கோட்டை, மத்தியானம் இலை, அதற்கப்புறம் கூரைக்கடியில் பார்க்கிற ஏதாவது ஒன்று, சாயங்காலம் வெட்டவெளி. மார்கழி பிறந்துவிடும் என்பதால் கோவில்களை விடியற்காலையிலேயே திறந்துவிடுவார்கள். அது நமக்கு லாபம்.

டிசம்பர் 12, வியாழன்

முதல் நாள் வடக்கே, திருச்சி ரோடு. இதில் எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

திருமயத்தில் கோட்டைச் சுவரை ஒட்டி, ரோட்டைப் பார்த்தே கோட்டை பைரவர் இருக்கிறார். அந்த வழியாகப் போகிற டிரைவர்கள் நிறுத்திக் கும்பிடாமல் போகமாட்டார்கள். லாரி, கார், கல்யாண வேன் எல்லாம் வரிசையாக நிற்கும். கோட்டையைக் கட்டியவர் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி, 1687இல். பாறைமேல் ஏறினால் உச்சியில் ஒரு பீரங்கி, சுற்றிலும் கண்மாய்களும் பொட்டல்களும். பாதி வழியில் பாறையைக் குடைந்து ஒரு சிவலிங்கம், இரும்பு ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த ஏணி ஒன்று போதும். அடிவாரத்தில் பாறையையே குடைந்த சிவன் கோவிலும் பெருமாள் கோவிலும் அடுத்தடுத்து. பெருமாள் பள்ளிகொண்ட கோலத்தில் அந்தப் பாறை நீளத்துக்குக் கிடக்கிறார். அத்தானுக்காக இன்னொன்று: தீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊர் இதுதான்.

அங்கிருந்து புதுக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் போனால் நமணசமுத்திரம். ஐயனார் கோவிலுக்குப் போகிற பாதையின் இரண்டு பக்கமும் மண் குதிரைகள், மரத்தடியில் வரிசை வரிசையாக. வேண்டுதல் வைத்தவர்கள் மண்பாண்டம் செய்கிற வேளார் கையால் செய்யச் சொல்லிக் கொண்டுவந்து வைத்தவை. கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் அருமை தெரியும். கழுத்தில் சலங்கை, நெற்றியில் பட்டம், பல் தெரிகிற வாய், எல்லாம் மண்ணிலேயே. உடம்பு உள்ளே கூடு. சூளையில் வெடித்துவிடாமல் இருக்க ஓட்டை விட்டிருப்பார்கள், அதற்குள் இப்போது ஓணான் குடியிருக்கும். கால் உடைந்தாலும் தலை விழுந்தாலும் யாரும் அப்புறப்படுத்த மாட்டார்கள். வைத்தது வைத்தபடி மண்ணாகப் போக வேண்டியதுதான். பழைய குதிரைகளுக்கு முன்னால் புதுக் குதிரை வந்து நிற்கும்.

கீரமங்கலம் பக்கத்தில் குளமங்கலத்தில் இதைவிடப் பிரம்மாண்டமான குதிரை ஒன்று உண்டு. அதற்குப் போனால் பாதி நாள் போய்விடும். மாசி மகத்துக்குத் தனியாகப் போய்க்கொள்ளலாம்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை. விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்ததும் அப்பத்தாளிடம் நோட்டைப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர், முனீஸ்வரன் கோவில் தெரு என்றதும் நிறுத்தினார்.

காரைக்குடிக்கு வருகிறவர்கள் தேடிப் போகிற தெரு அது. பழைய சாமான் கடைகள். எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, ரவிவர்மா படம், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டி, இடித்த வீட்டுத் தூணும் நிலையும் என்று குவிந்திருக்கும். ஆச்சி அதை ரொம்ப ஆசையாகக் கேட்டிருந்தார்.

"நம்ம வீட்டுச் சாமான வெல போட்டு வச்சிருக்க எடத்துக்கு நான் என்னத்துக்குப்பா வரணும்? நீங்க போயிட்டு வாங்க. நான் வண்டியிலேயே இருக்கேன்."

அப்பத்தா சொன்னதில் நியாயம் இருக்கிறது. பங்காளிகள் இருபது பேர் இருபது ஊரில் இருக்க, ஒரு வீட்டை யாரும் கவனிக்க முடியாமல் இடித்து விற்பது இங்கே எங்கள் கண் முன்னால் நடக்கிறது. அந்தக் கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் எடுத்து வைக்காவிட்டால் பாதி அடுப்புக்குப் போயிருக்கும். ஆனாலும் அப்பத்தாளை வண்டியில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் பேரம் பேசிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அந்தத் தெருவை எடுத்துவிட்டேன். ஆச்சி கிளம்புவதற்கு முன்னால் தனியாகக் கூட்டிப் போகிறேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

முதல் நாள் மத்தியானத்துக்கு ஆத்தங்குடி போய்ப் பேசிவிட்டு வந்தேன். பட்டறையில் வேலை நடக்கிற நாளாகப் பார்த்து வரச் சொன்னார்கள்.

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. தரையில் ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் சதுரச் சட்டம், அதற்குள் பூ வடிவத்தில் தகட்டு அச்சு. நிறம் கலந்த சிமென்ட் கரைசலை அந்தந்தக் கட்டத்தில் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. அப்புறம் அச்சை நேராகத் தூக்குவதுதான் வேலையின் உயிர். கை லேசாக ஆடினால் நிறம் ஒன்றோடொன்று கலந்துவிடும். தூக்கினதும் மேலே காய்ந்த மணலும் சிமென்டும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டுக் கரண்டியால் தட்டி மட்டம் பண்ணி வைத்துவிடுகிறார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்துக் கண்ணாடியை விலக்கினால், கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் இறங்கியிருக்கிறது. வீட்டில் போட்டபிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவந்தால் வருஷம் ஏற ஏற மினுங்கும்.

இதைப் பார்த்துவிட்டு அதே ஊரில் பெரிய வீட்டுக்குப் போனால், கட்டணம் கட்டி உள்ளே போகலாம். தரையைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். முதலில் பட்டறை, அப்புறம்தான் வீடு என்று தடிமனாக எழுதி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 18, புதன்

சாப்பாடு. ஆச்சி வீட்டு அத்தான் "நல்ல ஏசி ஓட்டலாப் பாருப்பா" என்கிறார். ஒரு வேளை அப்படி வைத்துக்கொள்ளலாம். காரைக்குடியில் பங்களா என்கிற ஓட்டலில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வாழை இலைச் சாப்பாடு நிதானமாகப் போடுவார்கள். மற்ற நேரமெல்லாம் ரோட்டோரம்தான். அதற்கு எனக்கு ஒரு கணக்கு உண்டு. பன்னிரண்டு மணிக்கு எந்த மெஸ் வாசலில் லாரியும் டிவிஎஸ் ஐம்பதும் சேர்ந்து நிற்கிறதோ அங்கே நிறுத்தலாம். பலகையில் "செட்டிநாடு" என்று பெரிதாக எழுதி, எல்லாவற்றிலும் எண்ணெய் மிதக்க விடுகிற கடைகளுக்கு இந்த ஊர்க்காரர்கள் போவதில்லை. எங்கள் சமையல் காரத்தால் ஆளை அடிக்கிற சமையல் இல்லை. கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் அளவோடு வறுபட்ட வாசனை, அவ்வளவுதான்.

சாயங்காலப் பலகாரத்தை மட்டும் யாருக்கும் விட்டுத்தரமாட்டேன். வெள்ளைப் பணியாரம் போடுகிற ஒரு அம்மா தள்ளுவண்டி வைத்திருக்கிறார். ஒரு படி பச்சரிசிக்கு மேலே கோபுரமாக நிற்கிற அளவு உளுந்து, அதுதான் கணக்கு. ஒரு கரண்டி மாவைக் காய்ந்த எண்ணெயில் ஊற்றியதும் அடியில் போய், மெதுவாக மேலே வந்து, ஓரம் லேசாக முறுகி, நடுவில் உப்புகிறது. சிவக்க விடாமல் எடுக்க வேண்டும். வரமிளகாய்ச் சட்னியோடு அதை நின்றுகொண்டே தின்ன வேண்டும். பொட்டலம் கட்டி வாங்கிப்போனால் துவண்டுவிடும், அப்புறம் இதற்கா இவ்வளவு பேச்சு என்பார்கள்.

டிசம்பர் 20, வெள்ளி

இரண்டாம் நாள் மேற்கே. விடிந்ததும் பிள்ளையார்பட்டி, கூட்டம் சேர்வதற்குள். குடைவரையில் இரண்டே கையோடு வலம்புரியாக உட்கார்ந்திருக்கிறார். அப்பத்தாளுக்கு அங்கே அவசரமில்லாமல் நிற்க வேண்டும். பிறகு எங்கள் கோவில், வைரவன்பட்டி. குன்றக்குடியைக் கீழேயிருந்து கும்பிட்டுவிட்டு வரலாம் என்று அப்பத்தாளே சொல்லிவிட்டார். படி ஏற முழங்கால் விடாது. இன்னொரு கோவில் சேர்க்கலாமா என்று ஆச்சி கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் நான் ரொம்ப எதிர்பார்க்கிற இடம். திருப்பத்தூர் தாண்டி மதுரை ரோட்டில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி. கண்மாய்களில் பறவைகள் வந்து கூடு கட்டுவதால் அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. 1977இல் சரணாலயமாக அறிவித்தார்கள். யாரும் சட்டம் போட்டு இதைச் செய்ய வைக்கவில்லை, பறவை வந்தால் மழை வரும், ஊர் நன்றாக இருக்கும் என்று அவர்களாகவே காத்துவருகிறார்கள். நத்தைக்குத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் இருட்டுகிற நேரத்தில் கூட்டம் கூட்டமாக இறங்கும். மருமகனிடம் போனில் சொன்னேன். "ஒரு வெடிகூடவா அம்மான்?" என்று நம்பாமல் கேட்டான். அந்த ஊர்ப் பையன்களிடமே கேட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

மூன்றாம் நாளை இலேசாக வைத்திருக்கிறேன். காலையில் காரைக்குடியில் கம்பன் மணிமண்டபம், பக்கத்திலேயே தமிழ்த்தாய் கோவில். அங்கிருந்து நாட்டரசன்கோட்டை. கம்பர் அடங்கிய இடம் என்று அங்கே ஒரு சமாதி இருக்கிறது. பிள்ளைகளுக்குப் படிப்பு வரட்டும் என்று அந்த மண்ணை எடுத்து நாக்கில் வைக்கிற வழக்கம் அந்த ஊரில் உண்டு. காரைக்குடிக் கம்பன் விழாவின் கடைசி நாளான பங்குனி அத்தத்தில் எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். எனக்கும் என் ஐயா வைத்துவிட்டதாக வீட்டில் சொல்வார்கள். ஆச்சியின் சின்ன மகளுக்கு அங்கே வைத்து வைக்க வேண்டும். மருத்துவம் படித்த அத்தான் என்ன சொல்வாரோ, அதை ஆச்சி பார்த்துக்கொள்ளட்டும்.

டிசம்பர் 25, புதன்

எல்லோரும் வந்துவிட்டார்கள். வீடு நிறைந்துவிட்டது. வழிக்குப் பலகாரமாக மனகோலமும் சீப்பு சீடையும் ஒரு தூக்கில், மாவுருண்டை இன்னொன்றில். தண்ணீர் கேன் இரண்டு. அப்பத்தாளுக்கு முன்சீட்டு, காலுக்கு ஒரு மணை.

அத்தான் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நடுவில் இந்த மூன்று மணி நேரம் சும்மா கிடக்கிறதே, திருக்கோஷ்டியூரைப் போட்டுவிடலாமே என்றார். நடை சாத்தியிருக்கும் என்றேன். ஆச்சி சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கி மூடிவிட்டார்.

டிரைவர் தம்பி சாயங்காலமே வந்து வழியைக் கேட்டுக்கொண்டார். காலை ஐந்தரைக்கு வண்டி வாசலில் நிற்கும். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: திருமயத்தில் கோட்டை பைரவருக்குத் தேங்காய் உடைத்த பிறகுதான் முதல் டீ. அப்பத்தா அப்போதே எழுந்து போய் இரண்டு தேங்காய் எடுத்துப் பையில் போட்டுவிட்டார்.