பூஜ்ஜியத்தை விட்டு இறங்காத அச்சு

எங்கள் அலுவலகத்தின் உள்பயன்பாட்டுக்காக சி++ என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட வரைபட நூலகம் (வரைபடம் வரையும் நிரல்களின் தொகுப்பு) ஒன்று உண்டு. குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பநிலைப் பதிவுகளைக் கோட்டு வரைபடமாக்கி அறிக்கையில் சேர்ப்பதே அதன் முதன்மையான வேலை. உறைநிலை அறையொன்றின் வெப்பநிலை −18க்கும் −22க்கும் இடையிலேயே ஏறி இறங்கினாலும், செங்குத்து அச்சு பூஜ்ஜியம் வரை நீண்டு, கோடு அடியில் ஒட்டிக்கொண்டு அசைவற்றதுபோல் தெரிகிறது என்ற புகார் வந்தபோது, அரை நாளில் முடிந்துவிடும் என்றே நினைத்தேன்.

காரணமும் விரைவிலேயே கிடைத்தது. தரவின் பெருமத்தைத் தேடும் மாறிக்குத் தொடக்க மதிப்பாக அந்த எண் வகையின் 'மின்' (min, சிறுமம்) எல்லை கொடுக்கப்பட்டிருந்தது. குறியுள்ள முழு எண் வகைகளுக்கு அந்த எல்லை இருப்பதிலேயே சிறிய குறை எண்ணைத் தரும். தசம எண்களைச் சேமிக்கும் இரட்டைத் துல்லிய மிதவைப்புள்ளி வகைக்கோ அது ஏறக்குறைய 2.2 × 10⁻³⁰⁸ என்னும் மிக நுண்ணிய மிகை எண்ணையே தரும். −18 ஒருநாளும் அதை மிஞ்சப்போவதில்லை. மொழியின் சி++11 பதிப்பில் வந்த, உண்மையிலேயே மிகச் சிறிய குறை எண்ணைத் தரும் 'லோயஸ்ட்' (lowest) எல்லையை அங்கே வைத்ததும் அச்சு இறங்கி வந்தது.

அடுத்ததுதான் என்னை அலைக்கழித்தது. சில நாள்களின் வரைபடத்தில் கோட்டின் ஒரு பகுதி படச்சட்டத்துக்குக் கீழே போய் மறைந்தது. இணைப்பு அறுந்த சென்சார் 'எண் அல்ல' என்னும் சிறப்பு மதிப்பை அனுப்பும். கணினியில் மிதவைப்புள்ளி எண்களுக்கான ஐஇஇஇ 754 தரத்தின்படி, அதை எந்த எண்ணோடு ஒப்பிட்டுச் சிறிதா பெரிதா என்று கேட்டாலும் விடை 'பொய்'தான். எங்கள் நிரல் புதிய அளவீட்டை முதலாவதாகவும் அதுவரை கண்ட சிறுமத்தை இரண்டாவதாகவும், இரண்டில் சிறியதைத் தரும் 'மின்' செயற்கூறுக்குக் கொடுத்தது. இரண்டாவது முதலாவதைவிடச் சிறிதா என்ற ஒப்பீடு பொய்யானால் அச்செயற்கூறு முதலாவதையே திருப்பித் தரும். ஆகவே சிறப்பு மதிப்பு வந்தவுடன் சிறுமமும் அதுவாகவே மாறும். அடுத்து நல்ல அளவீடு வந்ததும் அதுவே புதிய சிறுமமாகிவிடும். காலையில் −22.4 வரை இறங்கியிருந்தாலும், பத்து மணிக்கு அறுந்த இணைப்பு திரும்பிய பிறகு −19க்குக் கீழே எதுவும் பதிவாகாவிட்டால், காலை முழுவதும் மறக்கப்படும். பெருமத்தைக் காணும் வரியில் இரண்டும் இடம் மாறியிருந்தபடியால் மேல் எல்லை மட்டும் சரியாகவே இருந்தது. சென்சார் மீது சந்தேகம் திரும்பவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. வரைபடம் முற்றிலும் பாழாகியிருந்தால் அன்றே பிடித்திருப்பேன். இப்போது முடிவுறு எண்கள் மட்டுமே ஒப்பீட்டுக்குப் போகின்றன.

0.3இல் தொடங்க வேண்டிய அழுத்த வரைபடம் 0.2இல் தொடங்கியது சிறிய விஷயம். அச்சின் தொடக்கத்தைக் காண, சிறுமத்தை அச்சுக் குறிகளின் இடைவெளியால் வகுக்கிறோம்; 0.3ஐ 0.1ஆல் வகுத்தால் கணினிக்குக் கிடைப்பது 2.9999999999999996, அதைக் கீழ்நோக்கி முழுமையாக்கினால் 2. ஈவு ஏதேனும் முழு எண்ணுக்கு மிக நெருங்கியிருந்தால் அந்த முழு எண்ணையே எடுக்கும்படி மாற்றினேன். எல்லா அளவீடுகளும் ஒன்றாகவே இருக்கும்போது வீச்சு பூஜ்ஜியமாகி வகுத்தல் முறிவதையும் கையோடு சரிசெய்தேன்.

திருத்தங்களைச் சேர்த்தபின், சேமித்து வைத்த படங்களோடு புதிய படங்களை ஒப்பிடும் சோதனையில் ஒன்று தோற்றது. இலக்கு வெப்பநிலையிலிருந்து எத்தனை பாகை குறைந்தது என்பதைக் காட்டும் பட்டை வரைபடம் அது. எல்லா மதிப்புகளும் குறை எண்கள். பட்டைகள் பூஜ்ஜியத்திலிருந்து தொங்க வேண்டும்; புதிய படத்திலோ அவற்றின் மேற்பகுதி வெட்டுண்டு கிடந்தது. இத்தனை காலமும் அந்தப் படம் சரியாக வந்ததற்கு நான் நீக்கிய முதல் வழுவே காரணம். பட்டையின் அடி மதிப்பையும் எல்லைக் கணக்கில் சேர்த்து, அந்தப் பக்கம் மட்டும் இடைவெளி விடாத விதியைத் தனியாக எழுதிய பிறகே சோதனை தேறியது.