காக்காய் இல்லாத அமாவாசை

போன மே மாதம் ஓர் அமாவாசையன்று, செத்துப்போன எழுத்தாளர் ஒருவரோடு ஆறு மணி நேரம் மாட்டிக்கொண்டேன்.

பிரான்ஸின் கடலோர ஊரான சேன் மாலோவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கோட்டை மதில்மேல் ஏறி தினமும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவருவேன். உள்ளே இருக்கும் கருங்கல் வீடுகள் முக்கால்வாசி 1944 ஆகஸ்டில் உலகப் போரில் எரிந்து, பிறகு பழைய சாயலிலேயே திரும்பக் கட்டியவை என்று விருந்தாளிகளுக்கு விளக்கம் வேறு சொல்வேன். ஊர்க்காரன் ஆகிவிட்ட தெனாவெட்டு.

மதிலுக்கு எதிரே கிராந் பே என்று ஒரு குட்டித் தீவு. கடல் வற்றினால் கல்பாதை தெரியும், நடந்தே போகலாம். அங்கேதான் அந்த எழுத்தாளர், ஷத்தோப்ரியான், 1848 முதல் படுத்திருக்கிறார். கல்லறையில் பெயர்கூடக் கிடையாது, ஒரு சிலுவை மட்டும். இரண்டு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பெத்தி பே தீவில் பிரெஞ்சுக் கோட்டை நிபுணர் வோபான் திட்டம் போட்ட கோட்டை. இன்னொரு பக்கம் 1689-இல் எழுந்த ஃபோர் நசியொனால் கோட்டை. இரண்டும் இங்கிலீஷ்காரன் கப்பலுக்காகக் காத்திருந்தவை. வேடிக்கை பார்த்தபடியே டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய். நிமிர்ந்தால் பாதையைக் காணோம்.

மெரினாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் இருந்தால் பெரிது. சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்பினாலும் கடல் வைத்த இடத்திலேயே இருக்கும். இங்கே 13 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது, நாலு மாடி உயரம்! அதனால் வீட்டுக்கு வீடு கடல் அட்டவணை ஒன்று தொங்கும். அன்றன்றைக்குக் கடல் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கு ஓர் எண் போட்டிருப்பார்கள், 20-லிருந்து 120 வரை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி எண் எகிறும். அம்மா பஞ்சாங்கம் பார்ப்பதைக் கிண்டல் செய்து வளர்ந்தவன், இப்போது எண் பார்க்காமல் காய்கறி வாங்கக்கூடப் போவதில்லை. அன்றைக்குத்தான் பார்க்கவில்லை.

அந்த அட்டவணையை எனக்குக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. மதராஸ் என்றதுமே, "ஓ, லா பூர்தொனே!" என்று பூரித்துப்போனார். 1699-இல் இந்த ஊரில் பிறந்து, 1746-இல் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படை ஆள். அப்புறம் புதுச்சேரி கவர்னர் டியூப்ளேயோடு சண்டை போட்டு, பாரிஸ் பஸ்தீல் சிறையில் கிடந்தார் என்பதைப் பாட்டி சொல்லவில்லை. நானும் கிளறவில்லை, அட்டவணை ஓசியில் கிடைத்திருக்கிறதே.

நீந்தப் பார்க்காதே, தீவிலேயே இரு என்று பலகை சொன்னது. இருந்தேன். ஏழு மணிக்குக் கடல் உச்சிக்கு வந்து, ஊரின் மதிலில் மோதிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு போன் போட்டேன். அங்கே ராத்திரி பத்தரை.

"அமாவாசையாச்சே, காக்காய்க்குச் சோறு வெச்சியா?"

அப்பா போனதிலிருந்து இது ஒவ்வோர் அமாவாசையும் வருகிற கேள்வி. "இந்தத் தீவுல காக்காய் ஏதும்மா? ஒரு கடல்புறாதான் பாதி தயிர்சாதத்தைப் பிடுங்கிட்டுப் போச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஊறுகாயைத் தொட்டுச்சா?"

"இல்லை."

"அவருக்கு ரத்தக்கொதிப்புடா, தொடமாட்டார்."

அந்தப் பறவை இன்னும் கல்லறைச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருந்தது. மிச்சத்தையும் வழித்து வைத்தேன்.