பத்தனைக்கு மரம் வேண்டாம், சேர்

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒரு நற்பணி செய்தாக வேண்டும். ஒருமுறை தெஹிவளைக் கடற்கரையில் குப்பை பொறுக்கினோம், இன்னொருமுறை இரத்ததானம். இந்த வருடம் மரநடுகை. மனிதவளப் பிரிவு அனுப்பிய மின்னஞ்சலில் ஒரு படமும் இருந்தது. பண்டாரவளைப் பக்கத்து மலையொன்று, உச்சியிலிருந்து அடிவரை புல், ஒற்றை ஒற்றையாய்ச் சில நெல்லி மரங்கள். கீழே, "இந்த மலையைக் காடாக்குவோம்!" பஸ், மதியச் சாப்பாடு, தொப்பி, ரீசேர்ட் எல்லாம் கம்பனிச் செலவு.

நான் அந்த மலைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கொள்ளுப்பிட்டியில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து வவுச்சர் சரிபார்த்தாலும், பல்கலைக்கழகத்தில் படித்தது தாவரவியல். அந்தப் படத்தைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நேரே எங்கள் சேரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசன், சொன்னால் கேட்பார்.

"அங்க ஒண்டும் இல்லையே பிள்ளை, வெறும் புல்லுத்தானே?" என்றார்.

பதிலை அங்கேயே நின்றபடி சொல்ல முடியவில்லை. ஆகவே இந்தப் பதிவு.

முதலில் அந்தப் புல். இப்படிப்பட்ட மலைப் புல்வெளியைத்தான் பத்தனை என்கிறோம். மானாப்புல் குத்துக் குத்தாக நிற்கும். இலையைக் கசக்கினால் சிட்ரனெல்லா வாசம் வரும், விளிம்பு கையைக் கிழிக்கும். ஒரு குத்தை விலக்கி அடியைப் பாருங்கள். காய்ந்த இலைமடல்கள் சுற்றுச் சுற்றாக இறுகியிருக்கும். நடுவில், விரல் நுழையாத இடத்தில், வெளிர்பச்சையாக ஒரு முளை. மேலே நெருப்பு ஓடினாலும், மாடு மேய்ந்தாலும் அந்த முளைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மழை விழுந்தால் கருகிக் கிடந்த மலை மறுபடி பச்சை பிடிக்கும். மரக்கன்றுக்கு வளர்முனை உச்சியில் இருக்கிறது, அது கருகினால் பெரும்பாலும் கதை முடிந்தது. புல்லுக்கு அது மண்ணோடு ஒட்டி இருக்கிறது. புல்வெளியின் பிழைப்பே இந்த வித்தியாசத்தில்தான். அங்கங்கே நிற்கிற நெல்லி, கஹட்ட மரங்களும் வேறு வழி கண்டுபிடித்தவை: கஹட்டவுக்குத் தீயைத் தாங்கும் தடித்த பட்டை, நெல்லி வெந்தாலும் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும்.

இன்னும் மேலே, ஹோட்டன் சமவெளியின் ஈரப் பத்தனையில், அழுகண்ணியில் ஒரு வகை உண்டு. இலையிலுள்ள மயிர்களின் நுனியில் பசைத்துளி வைத்துப் பூச்சி பிடிக்கும். வறட்சி வந்தால் மேற்பகுதி காய்ந்து காணாமல் போகும், கடலைப் பருமனில் ஒரு கிழங்கு மட்டும் மண்ணுக்குள் காத்திருக்கும். புல்லுக்கிடையில் ஊதா நிறத்தில் பினர என்ற செடி பூக்கும். நெட்டைக்காலியும் புதர்ச்சிட்டும் இந்தத் திறந்த வெளியை நம்பி வாழ்கிற பறவைகள். நிழல் விழுந்தால் இந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் இடத்தைக் காலிசெய்துவிடும். இதையெல்லாம் "ஒண்டும் இல்லை" கணக்கில் எப்படி எழுதுவது?

"மரமே இல்லையே, ஏன்?" என்ற கேள்வியை எங்கள் மலைகளிடம் தாவரவியல் முறைப்படி கேட்டவர்களில் முக்கியமானவர் ஹெரால்ட் பியர்சன் என்ற ஆங்கிலேயர். 1890களின் பிற்பகுதியில், இருபதுகளின் கடைசியில் இருந்த வயதில் இலங்கைக்கு வந்து பத்தனைகளைப் பார்த்தார். இலங்கைப் பத்தனைகளின் தாவரவியல் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1899இல் லின்னேயன் சங்கத்தின் இதழில் வந்தது. இந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள் தேயிலை எங்கே வைக்கலாம், எங்கே மரை வேட்டையாடலாம் என்று மலையைப் பார்த்த காலத்தில், இவர் புல்லுக்கு முன்னால் குந்திக்கொண்டு மண்ணையும் நெருப்பையும் மழையையும் யோசித்தார்.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை போன திசை இன்னும் சுவையானது. 1903இல் தென்னாபிரிக்காவுக்குப் பேராசிரியராகப் போனார். நமீப் பாலைவனத்துக்குள் பயணம் செய்து வெல்விச்சியா என்ற விந்தைச் செடியின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தார். வெல்விச்சியாவுக்கு ஆயுளுக்கும் இரண்டே இலை. அடியிலிருந்து இலை வளர்ந்துகொண்டே இருக்கும், நுனி வெயிலிலும் காற்றிலும் நாராய்க் கிழிந்துகொண்டே போகும். ஆயிரம் வருடம் தாண்டி வாழ்பவையும் உண்டு என்கிறார்கள். கவனித்தீர்களா, வளர்முனையை அடியில் பத்திரமாக வைத்துக்கொள்ளும் அதே தந்திரம். பத்தனையில் புல்லைப் பார்த்த கண்ணுக்குப் பாலைவனத்தில் இது உடனே பட்டிருக்கும் என்று நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன், ஆதாரம் கேட்காதீர்கள். 1913இல் கேப் டவுனின் மேசை மலைச் சரிவில் கேர்ஸ்டன்பொஷ் தாவரவியல் தோட்டம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநரும் அவர்தான், அதுவும் சம்பளம் இல்லாமல். 1916இல், 46 வயதில் இறந்து அந்தத் தோட்டத்திலேயே அடக்கமானார்.

சரி, பியர்சன் கேட்ட கேள்விக்கு வருவோம். பத்தனை இயற்கையா, அல்லது காட்டை மனிதன் எரித்து எரித்து மிஞ்சியதா? இந்த வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் நல்ல சாட்சியொன்று பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம், நீலகிரியில் இருக்கிறது. அங்கேயும் இதே அமைப்புத்தான்: மடுவில் சோலைக்காடு, மேட்டில் புல். சதுப்பில் படிந்த முற்றா நிலக்கரியை (அரைகுறையாக மக்கிய செடிப் படிவை) அடுக்கடுக்காக எடுத்துச் சோதித்து, யானை ஆய்வால் பெயர்பெற்ற ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மரங்கள் காற்றிலிருந்து காபனை எடுக்கும்போது சற்றுக் கனமான காபன்-13ஐப் பெரிதும் தள்ளிவிடும். வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை அவ்வளவு தள்ளுவதில்லை. செடி செத்து மக்கினாலும் அந்தக் கணக்கு மண்ணில் அப்படியே கிடக்கும். கணக்குப்பிள்ளைக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி உண்டா? கிட்டத்தட்ட 20,000 வருடம் பின்னோக்கி அந்தப் பேரேட்டைப் புரட்டினால், உலகம் குளிர்ந்து வறண்ட காலத்தில் நீலகிரியில் புல் கை ஓங்கியிருந்திருக்கிறது, ஈரம் கூடிய காலத்தில் மரம். தோட்டம் போடவும் விறகு வெட்டவும் ஆள் வருவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே அங்கே புல் இருந்திருக்கிறது.

ஊவாவின் உலர் பத்தனை முழுக்க அப்படித்தான் என்று நான் சத்தியம் செய்ய வரவில்லை. சேனைக்காக எரித்த இடங்களும், வருடா வருடம் யாரோ விளையாட்டாகக் கொளுத்திவிடுகிற இடங்களும் உண்டு. ஆடி, ஆவணியில் காய்ந்த காற்று வீசும்போது ஒரு தீக்குச்சி போதும். ஆனால் எது பழைய புல்வெளி, எது இழந்த காடு என்று பார்க்காமலே குழி தோண்டப் போவதுதான் எனக்குப் பிரச்சினை.

இது எங்கள் கம்பனிக்கு மட்டும் உரிய வியாதியும் இல்லை. 2019இல் சயன்ஸ் இதழில் சூரிச்சிலிருந்து ஒரு குழு, உலகத்தில் 90 கோடி ஹெக்டேயரில் புதிதாக மரக்கவிகையை (மரங்களின் இலைக்கூரையை) உண்டாக்கலாம், அது 205 பில்லியன் தொன் காபனைச் சேமிக்கும் என்று கணக்குக் காட்டியது. பத்திரிகைகள் கொண்டாடின. சில மாதங்களில் அதே இதழில் புல்வெளி ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள்: பழைமையான புல்வெளிகளையும் சவன்னாக்களையும் மரமில்லாத குறைநிலமாக எண்ணிவிட்டீர்கள், மண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கிற காபனைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை, தொகை ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகை என்று. கணக்காய்வில் இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் எங்கள் பிரிவில் யாருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

நம் ஊரில் இந்தப் பரிசோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. 1970களிலும் 80களிலும் மலையகத்தில் எவ்வளவோ பத்தனைச் சரிவில் பைனஸ், அதாவது பைன் மரம், நட்டார்கள். மத்திய அமெரிக்கா, கரிபியன் பக்கத்து மரம் அது. பைனஸ் காட்டுக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: காலடியில் வழுக்குகிற ஊசியிலை மெத்தை, அதற்கு மேல் அதிகம் எதுவும் முளைத்திராது, பறவைச் சத்தமும் குறைவு. வெயில் காலத்தில் அந்த மெத்தை பற்றினால் புல்நெருப்பு மாதிரிச் சட்டென்று ஓடி அணைகிற நெருப்பு அல்ல, நின்று எரியும்.

அப்பாவிடம் போனில் கேட்டேன். "பைனஸ் வந்தப்புறந்தான்மா அந்த ஊத்து வத்திச்சு" என்றார். லயத்துக்கு மேலே இருந்த ஊற்று அது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ஆனால் இடையில் மழையும் மாறியது, மேலே வீடுகளும் வந்தன, குழாயும் போட்டார்கள். ஒரு ஊற்றை வைத்து மரத்தைக் குற்றவாளி ஆக்க முடியாது. இதைத் தீர்க்க வேண்டுமானால் பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளை எடுத்து, சிலவற்றில் மரம் நட்டு, ஒன்றைச் சும்மா விட்டு, ஓடைகளை அளக்கவேண்டும், அதுவும் பத்திருபது வருடமாக. தென்னாபிரிக்காவில் ஜொங்கர்ஸ்ஹூக் என்ற மலைப் பள்ளத்தாக்கில் 1930களிலிருந்து அதைத்தான் செய்தார்கள். பைன் வளர வளர, நட்ட பக்கத்து ஓடையில் நீர் குறைந்துகொண்டே போனது. காரணம் லேசானது. உயரமான, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற மரம் ஆழத்து வேரால் வறட்சியிலும் நீரை இழுத்து ஆவியாக்கும், விழுகிற மழையில் ஒரு பங்கையும் கிளையிலேயே பிடித்துக் காயவிடும். குட்டையான புதரும் புல்லும் அவ்வளவு செலவாளிகள் இல்லை. நீலகிரியில் யூக்கலிப்டஸ் வைத்துப் பார்த்தபோதும் நீர் குறைந்தது. 1995இலிருந்து தென்னாபிரிக்க அரசு, அந்நிய மரங்களை வெட்டி நீரை மீட்பதற்கென்றே பெரிய திட்டம் நடத்துகிறது. அப்பா சொன்னது நிரூபணம் அல்ல, ஆனால் சந்தேகம் நியாயமானது.

"மரம் மழையைக் கொண்டுவரும்தானே?" என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள். முகில் தொடுகிற உயரத்தில் இயற்கைக் காடு முகிலிலிருந்து ஈரத்தை வடித்தெடுக்கும், அது உண்மை. ஹோட்டன் சமவெளிக் காடுகள் அந்த வகை. அந்தக் காட்டை வெட்டினால் நான் முதல் ஆளாகக் கத்துவேன். வேடிக்கை என்னவென்றால், அதே ஹோட்டன் சமவெளியில் தொண்டர்கள் வரிசையாக நின்று, ஐரோப்பாவிலிருந்து வந்த யூலெக்ஸ் என்ற மஞ்சள்பூ முட்செடியைப் புல்வெளியிலிருந்து பிடுங்குகிறார்கள். அதற்கு அடுத்த மாகாணத்தில் நாங்கள் ரீசேர்ட் போட்டுக்கொண்டு புல்லுக்குள் அந்நியச் செடி வைக்கப் போகிறோம். கன்றுப் பட்டியலில் என்ன இருந்தது தெரியுமா? மகோகனி.

இவ்வளவையும் சேருக்கு இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மரம் வைப்பதென்றால் ஓடைக் கரையில், தேயிலைக்கு நடுவே மொட்டையாகக் கிடக்கிற மடுவில், அந்தந்த உயரத்துக்குரிய உள்ளூர் மரமாகப் பார்த்து வையுங்கள் என்றேன். பழைய பைனஸ் தோப்புக்குள் நிழலைப் பயன்படுத்தி உள்ளூர் மரங்களைக் கொண்டுவரலாம் என்று சிங்கராஜ மழைக்காட்டு ஓரத்தில் பேராசிரியர்கள் குணதிலக்க தம்பதியினர் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள், அதையும் குறிப்பிட்டேன். சேர் வாசித்தார். தலையைச் சொறிந்தார். இடத்தை ஒரு ஓடைக்கரைக்கு மாற்ற ஒத்துக்கொண்டார், மகோகனியும் போயிற்று. ரீசேர்ட் மட்டும் அச்சடித்தாயிற்று, ஆகவே "மலையைக் காடாக்குவோம்" என்று நெஞ்சில் போட்டுக்கொண்டு நானும் பஸ்ஸில் ஏறத்தான் வேண்டும்.

இனி உங்களிடம் ஓர் உதவி. பழைய படத்தை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் நின்று மறுபடி படமெடுப்பது பெரிய ஆய்வு முறை. அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் ஹேஸ்டிங்ஸ், டர்னர் என்ற இருவர் அப்படிச் செய்து, செடிகொடி எப்படி இடம் மாறியது என்று 1965இல் காட்டினார்கள். சுவிஸ் மலையுச்சியான பிஸ் லினார்டில் 1835இல் ஒருவர் ஏறிப் பார்த்தபோது பூக்கும் செடி ஒரே ஒரு வகைதான் இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதே உச்சியில் திரும்பத் திரும்ப எண்ணினார்கள், 2011இல் 16 வகை. முதல் ஆள் எழுதி வைத்திராவிட்டால் பின்னால் வந்தவர்களுக்கு எதோடு ஒப்பிடுவது?

நம்மிடம் அப்படிப்பட்ட குறிப்பேடு இல்லாவிட்டாலும் அல்பம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒன்று: பெரியப்பா இரவல் மொறிஸ் மைனர் காரில் சாய்ந்து நிற்கிறார், பின்னால் மலை முழுக்கப் புல். இன்றைக்கு அந்த வளைவில் நின்றால் பைனஸ் தவிர வேறு தெரியாது. ஹப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, வெலிமடைப் பக்கம் 1980க்கு முன் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால், கல்யாணப் படமோ பாடசாலைச் சுற்றுலாவோ, பின்னணியில் மலை தெரிந்தால் போதும், போனில் ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆட்களின் முகத்தை மறைத்துவிட்டே அனுப்பலாம். இடமும் ஏறத்தாழ வருடமும் கட்டாயம் எழுதுங்கள். ரெயில் பாதையோ கோயிலோ ஏதாவது அசையாத அடையாளம் படத்தில் இருந்தால் இன்னும் நல்லது, நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க உதவும்.