நஸ்ரீன் மொஹமதியின் கோடுகள்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ஓவியர் நஸ்ரீன் மொஹமதியின் கண்காட்சிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2016இல் நியூயார்க்கில் மெட் ப்ரூயர் என்ற அருங்காட்சியகம் திறந்தபோது அங்கே நடந்த முதல் கண்காட்சிகளில் ஒன்று இவருடையது. 130க்கும் மேற்பட்ட படைப்புகள். கராச்சியில் பிறந்து, பரோடாவில் ஓவியம் சொல்லிக்கொடுத்து, 1990இல் மறைந்தவர்.

முதல் பார்வையில் ‘என்னடா இது, வெறும் கோடு’ என்றுதான் தோன்றும். ஒரு படத்தை போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். நெருக்கமாகக் கிளம்பும் மெல்லிய மைக்கோடுகள் போகப்போக விலகி, ஒரு இடத்தில் காகிதத்துக்குள்ளேயே கரைந்துபோகின்றன. பென்சில் கோடுகளோ திரையில் பாதி தெரியவே மாட்டேன் என்கின்றன. சரி, இதையெல்லாம் நேரில்தான் பார்க்க வேண்டும்.

கடைசி வருடங்களில் நரம்பு நோயால் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கோடு மட்டும் நடுங்கவே இல்லை! பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பும் கிடையாது, தேதியும் கிடையாது. அவற்றை வரிசைப்படுத்தி மாட்டியவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

டைரியையும் விட்டுவைக்கவில்லை இந்த அம்மா. எழுதியதன் மேலேயே மையால் பட்டை பட்டையாக அடைத்து, அதையும் ஒரு படமாக்கியிருக்கிறார். அப்புறம் புகைப்படங்கள் வேறு. உயிரோடு இருந்தவரை அவற்றைக் காட்சிக்கே வைக்கவில்லையாம்.