கழுதை அசைபோடாது

மாட்டுப்பட்டியோடு வளர்ந்த வன்னியில் பல் பார்க்கத் தெரியாதவர்கள் குறைவு. கீழுதட்டைப் பெருவிரலால் ஒதுக்கி "ரெண்டு பல்லு", "நாலு பல்லு", "கடை முளைச்சிட்டுது" என்று நாம்பனின் வயதைச் சொல்லிவிடுவார்கள். மன்னார்ப் பக்கம் கழுதை வைத்திருப்பவர்களும் அப்படியே உதட்டைத் தூக்கிப் பார்த்து, முன்பல் வரிசை சரியாக இருந்தால் மனம் ஆறிவிடுவார்கள். மாட்டு வைத்தியத்தில் கை பழகியவர்கள் கழுதையிடம் வரும்போது முதலில் விடவேண்டிய பழக்கம் இதுதான். முன்பல்லில் வயதை ஓரளவு படிக்கலாம். நோவு இருப்பது பின்னால், கை எட்டாத இடத்தில்.

மாடு விழுங்கியதை நிழலில் படுத்துத் திரும்பக் கொண்டுவந்து அரைக்கும். கழுதைக்கும் குதிரைக்கும் அந்த வசதி இல்லை. வாயில் ஒருமுறை அரைபட்டதோடு சரி. அரைபடாமல் போன வைக்கோல் தொண்டையில் சிக்கும், அல்லது குடலில் கட்டிபட்டு வயிற்றுக்குத்தாக முடியும். ஆகவே கழுதைக்குப் பல் பார்க்கும் எங்கள் வேலை வாயில் தொடங்குவதில்லை, விட்டையில் தொடங்குகிறது. முன்விட்டை என்ன பின்விட்டை என்ன என்று பழமொழி சொன்னாலும், உடைத்துப் பார்த்தால் விட்டைக்கு விட்டை வித்தியாசம் உண்டு. நீளமான தும்பும் முழு நெல்லும் தெரிந்தால் கடைவாய் சரியாக வேலை செய்யவில்லை.

ஒவ்வொரு தாடைப் பக்கத்திலும் ஆறாக மொத்தம் 24 அரைக்கும் பற்கள். எலும்புக்குள் நீளமாகப் புதைந்திருந்து, தேயத் தேய வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை மேலே வந்துகொண்டிருக்கும். கீழ்த்தாடை மேல்தாடையை விட ஒடுக்கம். கழுதைக்கு இந்த வித்தியாசம் குதிரையை விடவும் கூட. அதனால் மேற்பல்லின் வெளிவிளிம்பும் கீழ்ப்பல்லின் உள்விளிம்பும் எதிர்ப்பல்லில் உரசாமல் தப்பி, கத்தி முனைபோல் நிற்கும். மேல்முனை கன்னத்தைக் கிழிக்கும், கீழ்முனை நாக்கை. நாள் முழுக்கத் தலை குனிந்து முரட்டுப் புல் மேயும் பிராணி தாடையை அகல ஆட்டி அரைப்பதால் இந்த முனைகள் ஓரளவு தானாகவே மழுங்கும். நெடுந்தீவில் கட்டில்லாமல் திரியும் குதிரைகளின் பல்லை யாரும் அரத்தால் அராவுவதில்லை. கட்டிவைத்துத் தவிடும் ஊறவைத்த பிண்ணாக்கும் கொடுக்கும்போது தாடை குறுகி ஆடும், முனையும் வளரும்.

நோவைக் கழுதை காட்டாது. குதிரை தலையை உதறும். கழுதை தின்பதைக் குறைத்துக்கொண்டு பேசாமல் நிற்கும். அது இரண்டு மூன்று நாள் தின்னாமல் நின்றாலே இரத்தத்தில் கொழுப்பு ஏறி ஈரல் கெட்டுச் சாகக்கூடும். சாவுக்குக் காரணம் பல்லென்று பிறகு யாருக்கும் தோன்றாது. மென்று உருட்டிய வைக்கோல் உண்டை தொட்டியடியில் விழுந்து கிடப்பது, ஒரு பக்கத்தால் மட்டும் மெல்லுவது, வாய்நாற்றம், கீழ்த்தாடையில் வீக்கம் இவற்றைப் பார்த்தால் தள்ளிப்போட வேண்டாம். ஒரு மூக்கில் மட்டும் நாற்றச் சளி வந்தால் தடிமன் மருந்து தேடுவதற்கு முன் மேல் கடைவாய்ப் பல்லின் வேரைச் சந்தேகியுங்கள். பின்வரிசை மேற்பற்களின் வேர்கள் முகஎலும்பின் காற்றறைக்குள்தான் நிற்கின்றன.

வாய்க்குள் பார்ப்பதற்கு முன் கன்னத்துக்கு வெளியிலிருந்து மேற்பல் வரிசையை விரலால் அமத்திப் பார்க்கலாம்; நொந்தால் தலையை இழுக்கும். இந்த அளவு உரிமையாளருக்குப் போதும். வெறும் கையைக் கடைவாய்க்குள் விடுபவர் விரலை இழப்பார்.

மற்றதெல்லாம் மிருக வைத்தியர் மயக்க ஊசி போட்ட பிறகு. சுத்தத் தண்ணீரைப் பெரிய சிறிஞ்சால் பீய்ச்சி, மென்ற உணவு முழுவதும் வெளியேறும்வரை வாயைக் கழுவவேண்டும். அவசரத்தில் இதைச் சுருக்கினால் பல்லிடைப் புண் கண்ணில் படாது. வாய் விரிக்கும் இரும்புச் சட்டத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் மூடித் தாடைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். நேர் முன்னால் யாரும் நிற்கக்கூடாது. மயக்கத்திலும் தலை ஒருதரம் வீசினால் அந்தச் சட்டம் சுத்தியல்தான். நெற்றி லைற்றும் கண்ணாடியும் வைத்துப் பார்த்தபின் கையாலும் தடவ வேண்டும். மேல் முதற்பல்லின் முன்னோரத்திலும் கீழ்க் கடைசிப் பல்லின் பின்னோரத்திலும் கொக்கி வளர்ந்திருக்கும். கடைசிக் கொக்கியைக் கண் தவறவிடும், விரல் விடாது.

அரம் முனையில் பட்டதும் கரகரவென்று கேட்கும். முனை போனதும் சத்தம் மெலியும். அங்கே நிறுத்தத் தெரிவதுதான் இந்தத் தொழில். குறைவாக அராவிய வாயை அடுத்த தரம் திருத்தலாம்; கூட அராவிய பல் வளர வருடம் பிடிக்கும். மெல்லும் தளத்திலுள்ள மேடுபள்ளம் அம்மியின் பொளி மாதிரி. அதை வழுவழுப்பாக்கினால் பிராணி எதை வைத்து அரைக்கும்? ஒரு தடவையில் 3, 4 மில்லிமீற்றருக்கு மேல் எடுத்தால் பல்லுக்குள் இருக்கும் உயிர்ச்சதையான பற்கூழ் திறபடலாம். மோட்டர் அரம் வேலையைச் சுருக்கும், ஆனால் தண்ணீர் விடாமல் ஒரே பல்லில் பிடித்தால் சூட்டிலேயே உள்ளே பற்கூழ் செத்துப்போகும். பெரிய கொக்கியைக் குறட்டால் நறுக்கும் பழைய வழக்கம் வேண்டாம். பல் வேர்வரை பிளக்கும். அலைபோல் ஏறி இறங்கிய கிழட்டு வாயைச் சமமாக்கவும் முயலக்கூடாது. குத்தும் இடத்தை மட்டும் எடுத்து, மிச்சத்தைச் சில மாத இடைவெளியில் பார்க்கலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம்.

கூர்முனையை விடக் கூட நோவு தருவது பல்லிடுக்கு. அதில் வைக்கோல் செருகி அழுகிப் பல் முரசை (ஈறை)த் தின்னும். கிளறி எடுத்துத் தண்ணீர் பீய்ச்சினால் போதாது, தீனியும் மாறவேண்டும். நீள வைக்கோலை நிறுத்தி மிகப் பொடியாக நறுக்கிய இளம்புல்லுக்கு வரவேண்டும்.

ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருதரம் பார்ப்பது நல்லது. இரண்டரை வயதுக்கும் நாலரை வயதுக்கும் இடையில் 24 பால்பற்களும் விழுந்து மாறும். சில வேளை பால்பல்லின் மூடி புதுப்பல் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன்பின் வருடம் ஒருமுறை, கிழடானால் திரும்பவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வன்னியில் இதற்கு ஏற்ற காலம் காலபோக அறுவடை முடிந்த கையோடு, பங்குனி சித்திரையில். சோளகக் காற்றுத் தொடங்கிப் புல் காய்ந்து, வைக்கோலைத் தவிர வேறெதுவும் மிஞ்சாத மாதங்களுக்குள் புண்பட்ட வாயோடு போகக்கூடாது.

மயக்கம் முழுதாகத் தெளியும்வரை, குறைந்தது இரண்டு மணித்தியாலம், வைக்கோலை எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கத் தெரியாமல் தொண்டை அடைக்கும். முதல் தீனி தேங்காய்ப் பிண்ணாக்கென்றால் இரண்டு பங்கு தண்ணீரில் ஊதிக் கூழாகும்வரை ஊறட்டும். ஏற்புத்தடை (ரெற்றனஸ்) ஊசி போட்டதா என்பதை அரம் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.