27 மீட்டர்ல இருந்து 10 மீட்டருக்கு இறங்கி வந்த கேரி ஹன்ட்

உயரமான பாறை, மேடைல இருந்து தண்ணிக்குள்ள குதிக்கிற கிளிஃப் டைவிங் வீடியோ எது ஷேர் ஆனாலும் "உயிரைப் பணயம் வெச்சு குதிக்கிறாங்க"ன்னு தான் தலைப்பு போடுறாங்க, எனக்கு அதைப் பார்த்தாலே கோவம் வருது. அவங்க அசட்டு தைரியத்துல குதிக்கிற ஆளுங்க இல்லைங்க. கிளிஃப் டைவர் கேரி ஹன்ட் எப்படி வந்தாரு, எங்க போனாரு, திரும்ப எங்க வந்து நின்னாருன்னு முழுசா தெரிஞ்சா அந்தத் தலைப்பு போட யாருக்கும் மனசு வராது.

1984ல லண்டன்ல பிறந்தவர். ஆரம்பம் எல்லாரையும் மாதிரி நீச்சல் குளத்து டைவிங் தான். 2006ல மெல்போர்ன் காமன்வெல்த் கேம்ஸ்ல கேலம் ஜான்ஸ்டோன் கூட சேர்ந்து 10 மீட்டர் சின்க்ரோல (ரெண்டு பேர் ஒண்ணா ஒரே மாதிரி குதிக்கிற போட்டி) இங்கிலாந்துக்காக வெண்கலம் வாங்கினாரு, அப்ப வயசு 21. அப்படியே ஒலிம்பிக்ஸ் பக்கம் போயிருப்பாருன்னு தான நினைப்போம், ஆனா மனுஷன் குளத்தை விட்டுட்டு டைவிங் ஷோ, பாறை, கோட்டைச் சுவர்னு உயரத்துக்குப் போயிட்டாரு. 2009ல ரெட் புல் கிளிஃப் டைவிங் உலக சீரிஸ் ஆரம்பிச்சப்போ முதல் வருஷ பட்டம் கொலம்பியாக்காரர் ஆர்லாண்டோ டூக்கேவுக்கு. அடுத்த வருஷத்துல இருந்து கதையே மாறிடுச்சு, 2010, 11, 12 வரிசையா ஹன்ட், அப்புறம் நடுவுல ஒண்ணு ரெண்டு வருஷம் விட்டு விட்டு 2022க்குள்ள மொத்தம் 10 பட்டம். உலக சாம்பியன்ஷிப்ல ஹை டைவிங் (இதே 27 மீட்டர் டைவிங், மேடைல இருந்து) முதல் முதலா வந்தது 2013 பார்சிலோனால, அங்க வெள்ளி, 2015 கசான்லயும் 2019 குவாங்ஜுலயும் தங்கம்.

பட்டத்தை எண்ணுறதை விட அவர் என்ன செய்யறாருங்கறது தான் எனக்கு முக்கியம். 10 மீட்டர்ல இருந்து குதிச்சா தண்ணியத் தொட சுமார் 1.4 செகண்ட், வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் கிட்ட. ஆண்கள் கிளிஃப் டைவிங்ல உயரம் 27 மீட்டர், காத்துல இருக்கறது ரெண்டே கால் செகண்டுக்குக் கொஞ்சம் மேல, தண்ணிய அடிக்கும்போது வேகம் 80க்கு மேல போயிடும். கிணத்துல குதிச்சு வயிறு அடிபட்டவங்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல், அதைப் பல மடங்கு பெருக்கிக்கோங்க. அந்த வேகத்துல தலையோ கையோ முதல்ல பட்டா தோள்பட்டை கழுத்து எதுவும் தாங்காது, அதனால கால் தான் முதல்ல உள்ள போகணும். மூணு குட்டிக்கரணம், நாலு திருகல் எல்லாம் முடிச்சுட்டு கடைசி நொடில உடம்பை நிமிர்த்தி காலை நேரா கீழ கொண்டு வரணும், அந்தக் கடைசித் திருப்பத்துக்கு பரானின்னு பேரு. கீழ தண்ணில மீட்பு டைவர்ங்க தயாரா மிதந்துட்டு இருப்பாங்க.

இதுக்குப் பயிற்சி எப்படின்னு தெரிஞ்சப்போ தான் நான் அசந்து போனேன். 27 மீட்டர் மேடை நிரந்தரமா இருக்கற இடம் உலகத்துலயே ரொம்பக் கம்மி. அதனால ஒரு டைவை ரெண்டா வெட்டிடுவாங்க, முதல் பாதியை 10 மீட்டர் மேடைல தலைகீழா முடியற மாதிரி பழகுவாங்க, ரெண்டாவது பாதியை தனியா காலு முதல்ல போற மாதிரி பழகுவாங்க. ரெண்டையும் ஒட்ட வெச்சு முழுசா போடறது போட்டி நடக்கற ஊருக்குப் போன பிறகு தான்! அதுவும் இத்தாலில பாலிஞானோ ஆ மாரே ஊர்ல ஒரு வீட்டு மொட்டை மாடில இருந்து போடணும், அயர்லாந்து இனிஷ்மோர் தீவுல மழையும் காத்துமா இருக்கற பாறைல நின்னு போடணும். இவ்வளவு கணக்கு போட்டு செய்யற வேலைய தைரியம்னு ஒத்தை வார்த்தைல முடிச்சா எப்படி?

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். ஹை டைவிங் ஒலிம்பிக்ஸ்ல கிடையாது. 10 தடவை உலகப் பட்டம் வாங்கினாலும் அந்தக் கதவு மூடித்தான் இருக்கு. ஹன்ட் பாரிஸ்ல குடியேறி பிரான்ஸ் குடிமகனாகி அந்த நாட்டுக்காக போட்டி போட ஆரம்பிச்சிருந்தாரு, 2024 ஒலிம்பிக்ஸும் பாரிஸ்லயே. நடத்துற நாட்டுக்கு சின்க்ரோல ஒரு இடம் உண்டு. அதுக்காக 21 வயசுல விட்டுட்டுப் போன அதே 10 மீட்டர் சின்க்ரோவுக்கு மனுஷன் திரும்பி வந்தாரு, தன்னை விட ரொம்ப வயசு கம்மியான லோயிஸ் ஷிம்சாக் கூட ஜோடியா.

கீழ இறங்கறது சுலபம்னு நினைக்காதீங்க, எனக்கென்னமோ இது தான் அவரோட கஷ்டமான டைவ்னு தோணுது. இத்தனை வருஷமா கால் முதல்ல போயி பழகின உடம்பு, இங்க கை முதல்ல போகணும், மணிக்கட்டும் தோளும் ஒவ்வொரு டைவுக்கும் அடி வாங்கும். நேரமும் பாதிக்குக் கொஞ்சம் மேல தான். தனியா குதிச்சவருக்கு தன் உடம்பை மட்டும் பார்த்தா போதும், சின்க்ரோல 11 நடுவர்ல 5 பேரு ரெண்டு பேரும் ஒண்ணா போறாங்களான்னு மட்டும் தான் பார்ப்பாங்க, எம்பற உயரம், சுத்தற வேகம், தண்ணிக்குள்ள போற நேரம் எல்லாம் பக்கத்துல இருக்கறவரோட ஒத்துப் போகணும். அந்த வருஷம் பிப்ரவரில தான் தோஹா உலக சாம்பியன்ஷிப்ல 27 மீட்டர்ல வெள்ளி எடுத்திருந்தாரு, தங்கம் எடுத்தது ஏய்டன் ஹெஸ்லப், ஹன்ட் மெல்போர்ன்ல மெடல் வாங்கினப்போ ஹெஸ்லப் சின்னக் குழந்தை. ஒரே வருஷத்துல ரெண்டு உயரமும், கால் முதல்ல, கை முதல்லன்னு ரெண்டு விதமும்!

ஜூலை 29, 2024, பாரிஸ் சின்க்ரோ ஃபைனல். ஹன்ட்டுக்கு 40 வயசு. மெடல் வரல, சீனா தங்கம், டாம் டேலியும் நோவா வில்லியம்ஸும் பிரிட்டனுக்கு வெள்ளி, கனடா வெண்கலம். டேலி பேரு வந்ததால இன்னொண்ணு, 2008 பெய்ஜிங்ல 14 வயசு டேலிக்கு ஜோடியா குதிச்ச பிளேக் ஆல்ட்ரிட்ஜும் பின்னாடி கிளிஃப் டைவிங்குக்குத் தான் போனாரு. அதனால சின்க்ரோல இருந்து பாறைக்குப் போற வழி ஹன்ட்டுக்கு மட்டும் உள்ளது இல்ல. பாறைல இருந்து திரும்பி ஒலிம்பிக்ஸ் வரைக்கும் வந்தது தான் அபூர்வம்.

27 மீட்டர் போட்டிய ஒலிம்பிக்ஸ்ல சேர்க்கணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கேன், லாஸ் ஏஞ்சலஸ்லயும் சேர்க்கலங்கறது எனக்கு நிஜமாவே வருத்தம். நேரம் இருந்தா தோஹா ஃபைனலையும் பாரிஸ் சின்க்ரோ ஃபைனலையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க, முதல்ல அவர் காலைப் பாருங்க, அடுத்ததுல கையப் பாருங்க.